யாருடைய அச்சம் அச்சம்? துப்பாக்கி உரிமமும் சாதியும்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் தவறாமல் ஒரு செய்திக் குறிப்பு வெளியாகும். உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வைத்திருப்போர் அவற்றை உடனே காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட ஆயுதக் கிடங்கிலோ ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கடந்து செல்வோரே மிகுதி. துப்பாக்கி வைத்திருப்போர் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வருவார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். இதனால் தம் உரிமை பறிபோயிற்று என்று பெரிதாக எவரும் குரல் எழுப்புவதில்லை.

வாக்குப்பெட்டியின் பாதுகாப்புக்காக இரண்டு மாதங்களுக்குத் துப்பாக்கிகளைத் திரட்ட முடிகிற அரசுக்கு, சேரியின் பாதுகாப்புக்காக அதைச் செய்ய ஏன் ஒருபோதும் தோன்றுவதில்லை? இது வெறும் தார்மீகக் கேள்வி என்று எண்ண வேண்டாம். அவ்வாறு செய்வதற்கான அதிகாரம் 1995ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலரும் அதைப் படித்திருக்கவில்லை. படித்த அதிகாரிகள் அதைப் பேசுவதில்லை.

துப்பாக்கி வைத்திருப்போரைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்ற விவாதம் உலகெங்கும் நடந்துவருகிறது. அந்த விவாதத்தை நம் மண்ணில் நடத்துவதானால், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மருந்து கெட்டிக்கும் இரு கைகள்

அமெரிக்காவில் தோட்டாவை மீண்டும் நிரப்புதல் ஒரு பரவலான பொழுதுபோக்கு. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, துப்புரவு செய்து, புதிய மருந்தும் குண்டும் பொருத்தி மறுபடி பயன்படுத்துவார்கள். இதற்கென்றே சிறு கைப்பொறிகளும் நுண்தராசுகளும் கையேடுகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. தம் சொந்தப் பயன்பாட்டுக்காகச் செய்வோர் அங்கே உற்பத்தியாளர் உரிமம் பெறத் தேவையில்லை. செலவு குறைகிறது, குறி துல்லியமாகிறது, கைவேலையில் மனம் ஒன்றுகிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். தம்மைப் பொதுச்சமூகம் வன்முறையாளர்களாகப் பார்க்கிறது என்பது அவர்களுடைய மனக்குறை.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5இல், உரிமமின்றித் தோட்டா உற்பத்தி செய்வதைத் தடுக்கிறது. 'தோட்டா' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் வரையறைக்குள் தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் பொறிகளும்கூட அடங்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சட்டவிரோத ஆயுத உற்பத்திக்குக் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆனால் கையால் மருந்து கெட்டித்துச் சுடும் மரபு இங்கே இல்லாமலில்லை. நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி அப்படிப்பட்டது. அதற்கு ஆலையில் செய்த தோட்டா கிடையாது. ஒவ்வொரு முறையும் குழலின் வாய்வழியே மருந்தும் ஈய ரவையும் இட்டுக் கெட்டித்த பிறகே சுட முடியும். அமெரிக்க ஆர்வலர் தம் பட்டறையில் பெருமையோடு செய்யும் வேலைக்கு நெருங்கிய உறவுள்ள கைத்திறன் இது. அங்கே அதன் பெயர் பொழுதுபோக்கு. இங்கே நாளிதழ்ச் செய்தியில் அதன் பெயர் 'கள்ளத் துப்பாக்கி'.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரிக்குறவர்களின் வேட்டை வாழ்வை முடித்துவைத்தது. காட்டுயிர்களைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அந்தச் சட்டத்தால் பிழைப்பை இழந்தவர்களுக்கு மாற்றாக என்ன கொடுக்கப்பட்டது என்பதே நம் கேள்வி. ஊசிமணி, பாசிமணியோடு அவர்கள் பேருந்து நிலையங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரை நூற்றாண்டு இடைவெளி அது. அந்த இடைவெளி முழுவதும் அவர்கள் கையிலிருந்த துப்பாக்கியைக் காவல்துறை அறிந்திருந்தது. அவர்களுடைய பசியை அரசு அறிந்திருக்கவில்லை.

விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலை எடுத்துக்கொள்வோம். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அடுத்த ஆண்டே, பன்னாட்டுப் பதக்கம் வென்றோருக்கும் புகழ்பெற்ற சுடுநர்களுக்குமான விலக்கு வரம்பு 7இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. விளையாட்டு வளர வேண்டும் என்ற காரணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்குள் நுழையத் துப்பாக்கி, தோட்டா, பயிற்சிக் களம், சங்க உறுப்பினர் கட்டணம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரின் மகளுக்கு ஓட்டப்பந்தயமும் கபடியும் எட்டும். துப்பாக்கிச் சுடுதல் எட்டாது. ஆக, சட்டம் மதிக்கிற 'ஆர்வம்' என்பதும் வசதி படைத்தோருக்கே வாய்க்கிறது.

ஆயுதம் மறுக்கப்பட்டவர்களின் வரலாறு

1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர், இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நிகழவில்லை என்று ஆராய்கிறார். நால்வருண அமைப்பு உழைக்கும் மக்களிடமிருந்து கல்வியையும் ஆயுதத்தையும் ஒருசேரப் பறித்துவிட்டது, அதனால் எதிர்க்கும் ஆற்றலே அவர்களுக்கு இல்லாமற்போயிற்று என்பது அவருடைய வாதம். இராணுவச் சுபேதார் ஒருவரின் மகன் அவர். 'போர்க்குணச் சாதிகள்' என்ற கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு பிரிட்டிஷ் அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் படைகளில் பணியாற்றிய சமூகம் அது. மகர் ரெஜிமென்ட் 1941இல்தான் உருவானது.

குடிமக்களின் கையிலிருந்த ஆயுதத்துக்கும் இதே கதைதான். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் பெற வேண்டும் என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1959 சட்டம் எல்லாக் குடிமக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. அதில் பலரும் கவனிக்காத ஒரு நல்ல பிரிவு உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14இன் உட்பிரிவு 2.

ஏட்டில் இப்படி இருந்தாலும், சொத்து வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. பயிர்ப் பாதுகாப்புக்காகக் கோரப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது பிரிவு 13. பயிரைக் காக்க முதலில் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். கவரைப்பேட்டை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமென்கீர், பறையர்களின் நிலமற்ற நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலங்கள் யார் கைக்குப் போயின என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிலத்தை இழந்தவர் 'பயிர்ப் பாதுகாப்பு' என்ற காரணத்தை எந்த விண்ணப்பத்தில் எழுதுவார்?

குடகு மாவட்டம் இன்னொரு சான்று. பிறப்பால் குடவர்களாக இருப்போருக்கும் 'ஜம்மா' நில உரிமை உடையோருக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து காலனியக் காலம் முதல் விலக்கு உண்டு. ஒன்றிய அரசு 2019இல் அந்த விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. போர்மரபு கொண்ட சமூகம் என்ற வாதம் அங்கே ஏற்கப்பட்டது. குடவர்களின் ஆயுத வழிபாட்டைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஒரே மலைநாட்டில் ஒரு சமூகத்தின் துப்பாக்கி பண்பாடாகவும், அதே காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பழங்குடியின் துப்பாக்கி குற்றமாகவும் பார்க்கப்படுவதைச் சமத்துவம் என்று சொல்ல நம் நாக்கு எழவில்லை.

ஆயுத உரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைத்த அமெரிக்காவிலும் இந்த இரட்டைத் தராசுதான். 1956 சனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. 1967இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கிகளுடன் கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். அதே ஆண்டு, பொதுவெளியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏந்திச் செல்வதற்குத் தடை விதிக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். வெள்ளையரின் கையில் உரிமையாக இருந்தது, கறுப்பரின் கைக்கு வந்ததும் அச்சுறுத்தலாயிற்று.

விதி 3 என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் மூன்றாவது விதி தடுப்பு நடவடிக்கைகளைப் பற்றியது. வன்கொடுமை நிகழக்கூடும் என்று கருதப்படும் பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அந்தப் பகுதிகளில் தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும்; அவற்றின் உற்பத்தியைத் தடுக்க வேண்டும். தேவை எனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

இந்த விதியை எழுதியவர்களுக்கு நாட்டு நடப்பு தெரிந்திருக்கிறது. பண்ணையாரின் துப்பாக்கி பண்ணையாரிடம் மட்டும் இருப்பதில்லை; மைத்துனரிடமும் கணக்குப்பிள்ளையிடமும் இருக்கும் என்பதை அறிந்துதான் 'உறவினர், வேலையாட்கள், நண்பர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட இரவில், கூலி உயர்வு கேட்டவர்களை எதிர்த்து வந்த கும்பலிடம் துப்பாக்கிகள் இருந்தன. 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் இலட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 தலித்துகளைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டிருந்த 26 பேரையும் விடுதலை செய்தது. இத்தகைய வரலாற்றின் முன் நின்று எழுதப்பட்டது அந்த விதி.

தமிழ்நாட்டில் துப்பாக்கிகள் குறைவுதானே, இங்குச் சாதி வெறியின் ஆயுதம் அரிவாள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த 33.69 லட்சம் உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 22,500. மேலவளவில் 1997 சூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் வெட்டியவை அரிவாள்களே. ஆயினும் துப்பாக்கி உரிமம் நமக்கு ஒன்றை அளந்து காட்டுகிறது. உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் விண்ணப்பிக்கும்போது, அந்த அச்சம் உண்மையானது என்று அரசு ஒப்புக்கொள்வதன் அடையாளம்தான் உரிமம். நிலத்தகராறு உள்ள பணக்காரரின் அச்சமும், ரொக்கம் கொண்டுசெல்லும் வணிகரின் அச்சமும் கோப்பில் ஏறுகின்றன. சாதிப் பகையால் நாள்தோறும் மிரட்டப்படுகிறவரின் அச்சம் 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை'யாகப் பெயர் மாறிவிடுகிறது.

கும்மிடிப்பூண்டியில் இருந்து பார்க்கும்போது

கவரைப்பேட்டை என்றதும் சென்னையில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருபவை நெடுஞ்சாலையும் பொறியியல் கல்லூரியும் 2024 அக்டோபர் 11 இரவு நிகழ்ந்த பாக்மதி விரைவு ரயில் விபத்தும்தான். அதே வட்டத்தின் ஊர்களுக்கு வேறொரு முகமும் உண்டு. ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் 2020 விடுதலை நாளில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் உடனிருக்க அவர் கொடியேற்றினார். தோக்கமூரில் தலித் மக்களின் பாதையை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் 2023 அக்டோபரில்தான் இடிக்கப்பட்டது. இவ்விரு ஊர்களிலும் எவரும் துப்பாக்கி ஏந்தவில்லை. ஏந்தத் தேவையும் இருக்கவில்லை. ஒரு சுவரும் ஒரு கொடிக்கயிறுமே போதுமாயிருந்தன.

ஆனால் கொடியேற்றிய நாளுக்கு மறுநாள் அந்தத் தலைவர் அதே ஊரில்தான் வாழ வேண்டும். ஆட்சியரின் வாகனம் திரும்பிவிடும். சாட்சி சொன்னவர்கள், மனு எழுதியவர்கள், சுவரை இடிக்கக் கோரியவர்கள் எல்லோரும் அதே தெருவில், அதே குடிநீர்க் குழாயடியில்தான் நிற்க வேண்டும். அவர்களுடைய அச்சத்தை எந்தக் கோப்பில் பதிவது? விதி 3 பேசுவது இந்த மறுநாளைப் பற்றித்தான்.

நாம் துப்பாக்கி கேட்க வேண்டுமா?

2020இல் ஹத்ராஸ் கொடுமைக்குப் பிறகு, பகுசன் மக்கள் 20 லட்சம் பேருக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்று பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத் கோரினார். ஊடகங்கள் அதை வன்முறைப் பேச்சு என்றன. மரணப் படுக்கையில் இருந்த அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் உணர்கிறோம். உரிமம் பெற்ற துப்பாக்கியால் கல்யாண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவோரைக் கட்டுப்படுத்த 2019இல் தனியாக ஒரு தண்டனைப் பிரிவே எழுத வேண்டியிருந்த நாட்டில், தற்காப்புக்கு உரிமம் கேட்பவரை மட்டும் வன்முறையாளர் என்பது வேடிக்கை.

இருந்தாலும் நம் தோழர்கள் சிலவற்றை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, வீட்டில் இருக்கும் துப்பாக்கி முதலில் அந்த வீட்டில் உள்ளவர்களுக்கே ஆபத்து. குடிவெறியில் மனைவியை அடிப்பவர் நம் சேரியிலும் உண்டு. மனமுடைந்து சாவைத் தேடும் இளைஞரும் உண்டு. இரண்டாவது, வன்கொடுமைப் புகார் கொடுத்த மறுநாளே எதிர்வழக்கு பதிவாகும் நாட்டில், தலித்தின் கையில் இருக்கும் உரிமத் துப்பாக்கியே அவர்மீதான முதல் சான்றாகிவிடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 2016 சூலையில் காரை நிறுத்தச் சொன்ன காவலரிடம், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே தெரிவித்த பிலாண்டோ காஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எடுத்துச் செல்லும் அனுமதி பெற்றிருந்த கறுப்பர். மூன்றாவது, நூறு பேர் திரண்டு வரும்போது ஒருவரின் துப்பாக்கி ஊரைக் காக்காது.

ஆகவே நம் கோரிக்கையின் வரிசை தெளிவாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் கையிலுள்ள ஆயுதத்தை அகற்றுவது முதலாவது. அதற்குப் பிறகும் உயிராபத்து நீடிக்கும் சாட்சிகள், ஊராட்சித் தலைவர்கள், செயற்பாட்டாளர்கள் ஆகியோருக்குக் காவல் பாதுகாப்பு இரண்டாவது. உரிமம் கோருவோரின் விண்ணப்பத்தைச் சாதி பாராமல், விதி 3ஐ மனத்தில் கொண்டு பரிசீலிப்பது மூன்றாவது. இப்போது பழங்குடிப் பட்டியலில் இருக்கும் நரிக்குறவர்களுக்கும் இந்த விதியின் பாதுகாப்பு உண்டு. அவர்களை இன்னமும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் பழக்கத்தைக் காவல்துறை கைவிட வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியது

இதற்குப் பேரணி தேவையில்லை. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போதும். திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நான்கு கேள்விகளை அனுப்பலாம். மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? அவற்றில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெற்றவை எத்தனை? வன்கொடுமை நிகழக்கூடியவை என அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? 1995 முதல் இன்றுவரை அந்த ஊர்களில் விதி 3இன்படி ரத்து செய்யப்பட்ட உரிமங்கள் எத்தனை?

ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் இந்தப் பதில்களை வைக்கலாம். 'தகவல் இல்லை' என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவலே. தேர்தல் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிந்து வைத்திருக்கும் நிர்வாகம், வன்கொடுமை என்று வரும்போது மட்டும் கணக்கைத் தொலைத்துவிடுகிறது என்பதை அந்தப் பதிலே நிறுவிவிடும்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது கவரைப்பேட்டை காவல் நிலையத்தில் துப்பாக்கிகள் மறுபடி வரிசையாக அடுக்கப்படும். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் அவை திரும்பக் கொடுக்கப்படும். அப்படித் திருப்பிக் கொடுக்கும் முன், விதி 3இன்படி இவற்றில் எதையாவது நிறுத்திவைக்க வேண்டுமா என்று ஓர் அதிகாரியாவது கோப்பைப் புரட்டிப் பார்க்கும் நிலையை நாம் உருவாக்க வேண்டும்.